கருஞ்சுனையில் பஸ்ஸைப் பிடித்த திங்கட்கிழமை

போன மாதம் ஒரு நாள் காலை ஒன்பதரை மணி இருக்கும். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். செல்வத்திடமிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு சித்தேரி மலை ரூட்டில் என் சீட்டில் உட்கார்ந்த டிரைவர் அவர். நாற்பதைத் தாண்டிய ஆள், கீழே சமவெளி ரோட்டில் கெட்டிக்காரர், மலைக்குத்தான் புதுசு. எடுத்ததுமே படபடத்தார்.

“அண்ணா, வண்டியப் புடிச்சு வெச்சுட்டாங்க. முன் டயருக்கு முன்னால பொம்பளைங்க வரிசையா உக்காந்துட்டாங்க. மேல பைப் ஒடஞ்சு பத்து நாளாத் தண்ணி வரலையாம். நானாண்ணா பைப் போடறவன்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மனுஷன் கோபித்துக்கொள்வார் என்று அடக்கிக்கொண்டேன்.

அரசு பஸ்ஸை ஊர்க்காரர்கள் மறித்து நிறுத்தி வைத்தால் பேப்பரில் ‘சிறைபிடிப்பு’ என்று போடுவார்கள். வெளியூரில் இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டுக் கத்தி, கம்பு என்று என்னென்னவோ நினைத்துக்கொள்வார்கள். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் பஸ் ஓட்டிய எவரைக் கேட்டாலும் சொல்வார், சிறைபிடித்த ஊரில்தான் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று. நிறுத்தி வைக்கிறவர்களே டீ போட்டுக் கொடுப்பார்கள், பாய் விரித்துக் கொடுப்பார்கள். டிரைவர் மீது அவர்களுக்கு ஒரு விரோதமும் கிடையாது. மலை ஊருக்குக் கலெக்டர் தினமும் வரமாட்டார், தாசில்தார் வரமாட்டார், குழாய் போடுகிற அதிகாரி வரவே மாட்டார். தவறாமல் தினம் வந்து நிற்கிற அரசாங்கம் பஸ் ஒன்றுதான். கைக்கு எட்டுகிற அரசாங்கத்தை அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

செல்வத்திடம் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். இன்ஜினை அணைத்துவிடு. வண்டி ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதே, பின் டயருக்கு இரண்டு பக்கமும் கல் கொடு. பேட்டரி சுவிட்சை ஆஃப் பண்ணு. கண்டக்டரோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்து கண்ணாடி எத்தனை நல்லபடியாக இருக்கிறது என்று எண்ணி, நேரத்தோடு எழுதி வை. டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதே.

போனை வைக்காமலே அதையெல்லாம் செய்து முடித்ததும் அவர் கொஞ்சம் ஆறினார். பிறகு கேட்டார்: “எல்லாஞ் சரிண்ணா. ஆனா இது நியாயமா? உள்ள உக்காந்திருக்கற பப்ளிக் என்ன பாவம் பண்ணாங்க?”

செய்ய வேண்டிய வேலை இன்னொன்று பாக்கி இருந்தது, அதை மட்டும் சொன்னேன். அது என்ன என்று கடைசியில் எழுதுகிறேன். கருஞ்சுனையில் நடந்தது தெரியாவிட்டால், நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது யாருக்கும் விளங்காது.

நான் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்த கதை பெரிய கதை இல்லை. லாரி ஓட்டினேன், ஹெவி லைசென்ஸ் இருந்தது, வேலை கிடைத்தது. ரிசர்வ் டிரைவராகப் பல வருஷம் கிடந்தேன். யார் லீவு போட்டாலும் அவர் வண்டி எனக்கு. அதனால் மாவட்டத்தில் நான் போகாத ரூட் இல்லை. ஆள் அப்போது முன்கோபி. இப்போது மட்டும் என்ன என்று என் மனைவி கேட்பாள், அது வேறு விஷயம்.

ஏரியூர் பக்கம் ஒரு ஊரில்தான் முதன்முதலாக மாட்டினேன். காலிக் குடங்களை ரோட்டில் பரப்பி வைத்துவிட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். எனக்கு டிரிப் லேட்டாகிற ஆத்திரம். வண்டியை அணைக்காமல் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன். நகர்த்துவது போலப் பாவனை காட்டினால் பயந்து ஒதுங்குவார்கள் என்று கிளட்சைக் கொஞ்சம் விட்டேன். வண்டி ஒரு சாண் நகர்ந்தது. ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் டயருக்கு அடியில் படாரென்று உடைந்தது.

குடத்துக்குச் சொந்தக்காரி என்னைத் திட்டவில்லை. உடைந்த குடத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “தண்ணி வந்தாலும் இனி எதுல புடிக்கறது?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். என்னிடம் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு மூஞ்சியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்றைக்கு விஷயம் கேள்விப்பட்டு வந்தவர் தங்கவேல் சார். அப்போது செக்கிங் இன்ஸ்பெக்டர், பின்னால் எங்கள் டெப்போவுக்கே கிளை மேலாளராக வந்தார். ஒல்லியான ஆள், அதிர்ந்து பேசமாட்டார். வந்ததும் என்னையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. வண்டியை வலமாக ஒரு சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். சட்டைப் பை டைரியில் குறித்துக்கொண்டார். அதற்கப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தார் ரோட்டில், அந்தப் பெண்கள் முன்னால், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அவர் பேசுகிற முறை தனி. மற்ற அதிகாரிகள் எடுத்த எடுப்பில் ‘பாக்கறேன்’ என்பார்கள். இவர் ‘முடியாது’ என்றுதான் ஆரம்பிப்பார். இன்னது என்னால் முடியாது, இன்னது என் கையில் இல்லை என்று முதலில் ஒவ்வொன்றாகக் கழித்துவிடுவார். கடைசியில் மிச்சம் இருக்கிற ஒன்றை மட்டும், இதை நான் செய்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். எழுதிக் கொடுத்தால் செய்துவிடுவார். அதனால் கூட்டம் அவரை நம்பி எழுந்துவிடும். அன்றைக்கும் எழுந்தது. திரும்பி வரும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: “இவங்க ரோட்டுக்கு வந்ததே வேற வழி இல்லாம. நீயும் சேந்து முட்டுனா எங்க போவாங்க?” மேலே எழுதியிருக்கிற கல், கியர், கண்ணாடி எல்லாம் அவரிடம் கற்றதுதான். கண்ணாடியை முட்டியால் தட்டுவதுகூட எனக்கு அப்படியே தொற்றிக்கொண்டது.

மற்றவர்கள் மறிப்பதை மட்டும் சொன்னால் போதாது, நாங்களும் நிறுத்தியிருக்கிறோம். ஒரு முறை எங்கள் ஸ்டிரைக் பல நாள் நீடித்தது. டெப்போ வாசலில் கொடி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் கோரிக்கை நியாயமானது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். மூன்றாம் நாள் மலையிலிருந்து ஒருவர் தலையில் புளி மூட்டையோடு நடந்தே இறங்கி வந்தார். தினம் என் வண்டியில் வருகிறவர். என்னைப் பார்த்ததும் நின்று, “உங்குளுக்கு எப்ப முடியுங்க?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். தெரியவில்லை என்றேன். சரிங்க என்று சந்தைப் பக்கம் போய்விட்டார். அதற்கப்புறம் யாராவது மறியலைப் பற்றி வாய் கிழியப் பேசினால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

மலை ரூட்டை நானாகக் கேட்டு வாங்கினேன். மற்றவர்களுக்குத் தண்டனை மாதிரி இருந்த ரூட் எனக்குப் பிடித்துப்போயிற்று. கொண்டை ஊசி வளைவில் ஏற ஏறக் காற்று மாறும். பலா சீசனில் வண்டிக்குள் கால் வைக்க இடம் இருக்காது, வாசனை இறங்குகிற வரைக்கும் கூட வரும். சாமை அறுப்பு முடிந்தால் வண்டி மேலே மூட்டை, உள்ளே மூட்டை. சனங்கள் கை காட்ட மாட்டார்கள், நிற்பார் என்று தெரியும், சும்மா நிற்பார்கள். கோழியோடு ஏறுகிறவர்களிடம் கண்டக்டர் அன்பழகன், “இதுக்கும் சீட்டு போடட்டுமா?” என்று தினம் ஒரே ஜோக்கைச் சொல்வார். அதற்கும் சிரிப்பார்கள். அந்த வண்டிச் சத்தம் இப்போதும் சில நாள் காதில் கேட்கிறது, ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அந்த ரூட்டுக்கு உயிர், காலை ஆறு மணி டிரிப். சாயங்காலம் ஏறுகிற வண்டி மேலேயே தங்கி, விடிந்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும். எட்டாவதுக்கு மேல் படிக்க அவர்கள் கீழேதான் வர வேண்டும். ஒரு திருவிழாவுக்கு ஸ்பெஷல் விட வண்டி இல்லை என்று அந்த வண்டியை இறக்கினார்கள். திருவிழா முடிந்தது, வண்டி திரும்பவில்லை. வேறு ரூட்டில் கலெக்‌ஷன் நன்றாக இருக்கிறது என்று அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். மலைக்கு முதல் வண்டி என்பது கீழேயிருந்து ஏழு மணிக்குக் கிளம்பி, ஒன்பது மணிக்கு மலையிலிருந்து இறங்குகிற என் வண்டி என்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு அது உதவாது. முதலில் பெண்பிள்ளைகளின் படிப்பைத்தான் நிறுத்தினார்கள்.

கருஞ்சுனை என்ற மலை ஊரின் தலைவர், ஊர்க்கவுண்டர் சடையன், இரண்டு பெண்களோடு மூன்று முறை இறங்கி வந்து மனுக் கொடுத்தார். தங்கவேல் சார் அப்போது கிளை மேலாளர். வண்டி என் கையில் இல்லை, மேலதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன் என்று அவர் வழக்கப்படி முடியாது என்றுதான் சொன்னார். மூன்றாம் முறை மனுக் கொடுத்துவிட்டு வந்து, அரூர் பஸ் ஸ்டாண்டில் என் வண்டி நிழலில் அந்த மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நான்தான் சொன்னேன். “மனுவ எத்தன குடுத்தாலும் ஃபைல்லதான் தூங்கும். என் வண்டியப் புடிச்சு உக்கார வைங்க. ஒரே நாள்ல மேனேஜர் மலை ஏறி வருவாரு.”

அதோடு விட்டேனா? சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு குஷி வந்துவிட்டது. ஏறும்போது பிடிக்காதீர்கள், இறங்கும்போது பிடியுங்கள், ஏறுகிற சனம் வீடு போய்ச் சேரட்டும். வளைவில் பிடிக்காதீர்கள், உங்கள் ஊர்ப் பலா மரத்தடி சமதளம், அங்கே பிடியுங்கள். கண்ணாடி மேல் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. திங்கட்கிழமை பிடியுங்கள், அன்றைக்குத்தான் மேனேஜர் வேறு எங்கும் போகாமல் டெப்போவில் இருப்பார். சடையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். “வர்ற திங்கக்கெழமையேங்களா?” என்றார். வருகிற திங்கட்கிழமையே என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை மேலே கடைசி ஊரில் மல்லிகா ஏறினாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அந்தச் சின்ன ஊரில் பிளஸ் டூ முடித்த முதல் பெண் அவள்தான், அது மலை முழுக்கத் தெரிந்த செய்தி. நல்ல சேலை கட்டி, ஒரு பிளாஸ்டிக் ஃபைலை மடியில் அணைத்துக்கொண்டு, இடது பக்கம் மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்தாள். என் தலைக்கு மேல் இருக்கிற உள் கண்ணாடியில் பார்த்தேன். எங்கேயோ விசேஷத்துக்குப் போகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கருஞ்சுனையில் பலா மரத்தடியில் ஊரே நின்றிருந்தது. சொன்னது சொன்னபடி செய்தார்கள். பெண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். நானும் ஒன்றும் தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு வண்டியை அணைத்தேன். ரிவர்ஸ் கியர் போட்டேன். கல்லைத் தேடவே வேண்டியதில்லை, சடையன் ஆட்கள் நான்கு நல்ல கல்லாகப் பார்த்துத் தயாராக வைத்திருந்தார்கள். அன்பழகன் ஒரு சுற்று, நான் ஒரு சுற்று, கண்ணாடியைத் தட்டி எண்ணி எழுதினோம். செல் சிக்னல் பாறை மேல்தான் கிடைக்கும். அன்பழகன் அங்கே ஏறிப் போய் டெப்போவுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

வண்டியில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் இறங்கிப் போராட்டத்திலேயே கலந்துகொண்டார்கள். சிலர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். நான்கைந்து பேர் உள்ளேயே இருந்தார்கள். எனக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தது. உண்ட மயக்கத்தில் பலா மரத்தடியில் பாயில் சாய்ந்தேன். மனசு நிறைந்து இருந்தது என்றே சொல்ல வேண்டும். என் திட்டம் அல்லவா நடந்துகொண்டிருக்கிறது! தூங்கிப்போனேன்.

எழுந்தபோது வெயில் தலைக்கு நேராக வந்திருந்தது. முகம் கழுவ வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனேன். மல்லிகா அதே ஜன்னலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னம்மா, இறங்கி ஒரு வாய் சாப்பிடுவதுதானே என்றேன். பசிக்கவில்லை என்றாள். எங்கே போக வேண்டும் என்று அப்போதுதான் கேட்டேன். ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள். அங்கன்வாடி வேலைக்கு நேர்காணல். தருமபுரியில். மதியம் ஒரு மணிக்குள் வர வேண்டும் என்று போட்டிருந்தது. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினேன். அந்தப் பெண்கள் பார்த்ததும் பதறி எழுந்துவிட்டார்கள். மறியல் போனால் போகிறது, வண்டியை எடுங்கள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரம் ஆகும். சடையன் சத்தம் போட்டு ஊரில் இருந்த ஒரே நல்ல பைக்கை வரவழைத்தார். அவர் தம்பி மகன் அவளை ஏற்றிக்கொண்டு புழுதி பறக்க இறங்கினான். “காலையிலயே சொல்லியிருந்தா அப்பவே அனுப்பியிருப்போமே சாமி” என்று சடையன் தலையில் கை வைத்துக்கொண்டார். அது உண்மை. அந்த பைக் காலையிலிருந்து அதே மரத்தடியில், என் பாய்க்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தது.

இரண்டு மணி வாக்கில் தங்கவேல் சார் வந்தார். வலமாக ஒரு சுற்று, கண்ணாடிக்கு ஒரு தட்டு, டைரி, செருப்பு, சம்மணம். எல்லாம் பழையபடி. மேலதிகாரிகளிடம் பேசிவிட்டுத்தான் வந்திருந்தார் போல, எல்லா ‘முடியாது’க்கும் பிறகு, பதினைந்து நாளைக்குள் காலை டிரிப் வரும், வராவிட்டால் நானே வந்து இங்கே உட்காருகிறேன் என்று டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் கை தட்டியது. நான் தட்டவில்லை.

திரும்பும்போது அவர் என் பக்கத்தில் நின்றபடியே வந்தார். அடிவாரம் வந்ததும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கண்ணாடி ஒண்ணுகூட ஒடையல. சமதளமாப் பாத்து நிறுத்தியிருக்காங்க. டயருக்கு ரெண்டு பக்கமும் கல்லு. நான் டெப்போல இருக்கற கெழமையாப் பாத்துப் புடிச்சிருக்காங்க. ஊரே டிரைவிங் ஸ்கூல்ல படிச்சிருக்கும் போல.” எனக்கு ஸ்டியரிங் வழுக்கியது. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கம் கேட்டு மெமோவும் வரவில்லை.

மல்லிகா போய்ச் சேர்ந்தபோது நேர்காணல் முடிந்து நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வேலை வேறு ஊர்ப் பெண்ணுக்குப் போயிற்று. காலை டிரிப் பன்னிரண்டாம் நாளே வந்தது. மேலே தங்க எவனும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் போகிறேன் என்று கேட்டு வாங்கினேன். ஏன் கேட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பது வருஷம் அந்த டிரிப்பை ஓட்டினேன். அதில் ஏறிப்போன பிள்ளைகளில் ஒருத்தி நர்ஸ் ஆனாள், இரண்டு பேர் போலீஸில் சேர்ந்தார்கள். எங்கே பார்த்தாலும் “டிரைவரண்ணா” என்று நிறுத்திப் பேசுவார்கள். மூன்று மனுவுக்கு வராத பஸ், ஒரு நாள் பிடித்து வைத்ததற்கு வந்தது. அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

ஆனால் அதே டிரிப்பில் மல்லிகாவும் வருவாள். கீழே ஒரு விடுதியில் சமையல் உதவிக்குச் சேர்ந்திருந்தாள். முதலில் தனியாக வந்தாள், பின்னால் பள்ளிச் சீருடையில் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏறும்போது ஒரு சிரிப்பு, இறங்கும்போது ஒரு “வரேங்கண்ணா”. அவ்வளவுதான். உள் கண்ணாடியில் அவள் முகம் தெரிகிற நாளெல்லாம் நான் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்வேன்.

நான் ஓய்வு பெற்ற நாள் காலை, கடைசி டிரிப். சனங்கள் மாலை போட்டார்கள், அன்பழகன் அழுதுவிட்டார். அடிவாரத்தில் டீக்கு வண்டி பத்து நிமிஷம் நிற்கும். எல்லோரும் இறங்கினார்கள். மல்லிகா ஜன்னலிலேயே இருந்தாள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அவள் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்கு வண்டியைப் பிடிக்கச் சொன்னது நான்தான், திங்கட்கிழமை என்று சொன்னதும் நான்தான் என்று சொல்லி முடித்தேன்.

“தெரியுங்கண்ணா,” என்றாள். “அந்த வாரமே சடையன் மாமா சொல்லிட்டாரு. டிரைவரண்ணன்தான் நாள் குறிச்சுக் குடுத்தாருன்னு.”

“தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியேம்மா?”

“கேட்டா நீங்க ரூட்ட வுட்டுட்டுப் போயிடுவீங்க. மேல வந்து வேற யாருங்க தங்கறாங்க? எம் பொண்ணு படிக்கணுமில்லீங்களா.”

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏதாவது பிடிமானம் கிடைக்காதா என்றும் இருந்தது. அசடு மாதிரி, பஸ் வந்ததே, எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், உன் மகளும் அதில்தானே போகிறாள் என்று இழுத்தேன்.

“பஸ் வந்தது நல்லதுங்க,” என்றாள். குரல் உயரவில்லை. “எனக்கு வேல போனது போனதுதான். அத இதுல கழிச்சுடாதீங்க.”

டீக்கடையிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சொன்னாள்.

“வண்டியப் புடிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லீங்க. எங்கூர்ப் புள்ளைங்களுக்கும் சேத்துத்தான் அவங்க உக்காந்தாங்க. அதான் எப்படி வாயத் தொறக்கறதுன்னு இருந்தேன். யாராச்சும் கேட்டாச் சொல்லலாம்னு. நீங்க சுத்தி வந்து ஒவ்வொரு கண்ணாடியாத் தட்டி எண்ணுனீங்க. என் ஜன்னலுக்கு நேரா வந்து நின்னீங்க. இப்பக் கேப்பாருன்னு ஃபைலத் தூக்கி மேல வெச்சேன். ஒரு தட்டுத் தட்டிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போயிட்டீங்க.”

டபுள் விசில் வந்தது. நான் போய் என் சீட்டில் உட்கார்ந்தேன். அரூர் வரைக்கும் வண்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் இறங்கும்போது வழக்கம் போல “வரேங்கண்ணா” என்றாள்.

இதெல்லாம் செல்வத்துக்குத் தெரியாது. நியாயமா என்று அவர் போனில் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கண்ணாடியெல்லாம் எண்ணியாயிற்று, ஒன்றும் உடையவில்லை என்றும் சொன்னார்.

“கண்ணாடி கெடக்குது செல்வம்,” என்றேன். “உள்ள ஏறு. மொத சீட்ல இருந்து ஒவ்வொருத்தரா, எங்க போறீங்க, எத்தன மணிக்குள்ளாறப் போவணும்னு கேளு. எறங்கி நிக்கறவங்களையும் வுடாத. அவசரம்னு ஒருத்தர் சொன்னாலும், முன்னால உக்காந்திருக்கற பொம்பளைங்ககிட்டயே கூட்டிட்டுப் போய்ச் சொல்லு. அவங்க வழி பண்ணுவாங்க. கேட்டு முடிச்சிட்டு டீ குடி.”

சரிண்ணா என்றவர் போனை அணைக்க மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போல. இப்போது மலையிலும் சிக்னல் வந்துவிட்டது. படி ஏறுகிற சத்தம் கேட்டது. “நீங்க எங்கம்மா போறீங்க?” என்று செல்வம் கேட்டார். ஏதோ பதில் வந்தது, எனக்குப் புரியவில்லை. “நீங்கய்யா?” என்று அடுத்த சீட்டுக்குப் போனார். ஈரத் துண்டு தோளில் கிடக்க, கடைசி சீட்டு வரைக்கும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.